மலைத் தீவுக்கு ஒரு படகுத்துறை

போடிநாயக்கனூரிலிருந்து அந்தமானுக்குச் சுற்றுலா போவது இன்று பெரிய காரியமில்லை. 2023 ஜூன் முதல் ஊரிலிருந்தே சென்னைக்கு நேர் ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலான விமானப் பயணத்தில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேரில் இறங்கலாம். அங்கிருந்து படகேறினால் ஹேவ்லாக் தீவு. நீச்சல் தெரியாதவர்கூடப் பயிற்றுநரின் துணையோடு கடலுக்குள் இறங்கிப் பவளப்பாறையைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம். அப்படிப் போய்வருகிறவர்களில் பலர், தங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மேற்கே தெரியும் மலையும் ஒரு தீவுக்கூட்டம்தான் என்பதை அறியாதவர்கள். குரங்கணிக்கு மேலே, கொழுக்குமலை, மீசைப்புலிமலை, டாப் ஸ்டேஷன் என்று நீளும் அந்த உயரங்களைச் சுற்றி உப்புத் தண்ணீர் இல்லை, வெயில் இருக்கிறது. அங்கே வாழும் பல உயிர்களுக்கு அந்த வெயிலும் கடலைப் போலவே கடக்க முடியாத எல்லை.

பசுமையான, சீக்கிரம் காயப்படுகிற ஒரு தீவுக்கு வெளியாள் எப்படிப் போய்வர வேண்டும் என்பது உலகெங்கும் கேட்கப்படுகிற கேள்வி. கடல் தீவுகள் அதற்குப் பல விடைகளைச் சோதித்துப் பார்த்துவிட்டன. சிலவற்றில் வென்றன, சிலவற்றில் தோற்றன. நம் மலைத் தீவு அந்த விடைகளைக் கற்றுக்கொண்டதா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலை எப்படித் தீவானது

போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. மீசைப்புலிமலையின் உச்சி 2,640 மீட்டர். நேர்கோட்டில் அளந்தால் அதிகத் தொலைவில்லாத இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே தட்பவெப்பம் நாடு விட்டு நாடு போனதுபோல் மாறிவிடுகிறது. கீழே மாந்தோப்பும் இலவ மரமும். நடுவில் மரநிழல் கேட்கும் ஏலமும் காப்பியும். ஏறத்தாழ 1,400 மீட்டருக்கு மேலே சோலைக்காடும் புல்வெளியும். இந்தச் சோலை தொடர்ச்சியான காடு இல்லை. பள்ளத்தாக்குகளின் மடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி நிற்க, சுற்றிலும் புல் விரிந்திருக்கும். குளிரும் மூடுபனியும் பழகிய பறவையும் தவளையும் இந்த உயரத்தை விட்டுக் கீழே இறங்கி, அடுத்த மலைக்கு நடுவிலுள்ள வெப்பச் சமவெளியைக் கடப்பதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்படி இரண்டு பெரிய நீரில்லாக் கால்வாய்கள் இருக்கின்றன. வடக்கே பாலக்காட்டுக் கணவாய், தெற்கே செங்கோட்டைக் கணவாய். நம் போடி மலை இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது. 2017-இல் ஆய்வாளர்கள் குழு ஒன்று சோலைப் பறவைகளின் மரபணுக்களை ஒப்பிட்டு, இந்த மலைகளுக்கே உரிய இரண்டு புதிய பேரினங்களை அறிவித்தது. ஒன்று சோலைக்கிளிகளுடையது, மற்றொன்று சிரிப்பான்களுடையது. நீலகிரியில் ஒரு சிரிப்பான், பாலக்காட்டுக்குத் தெற்கே வேறொரு சிரிப்பான், செங்கோட்டைக்குத் தெற்கே இன்னொன்று எனக் கணவாய்க்குக் கணவாய் இனம் மாறுகிறது. பழனிச் சிரிப்பான் இந்த இடைப்பட்ட உயரங்களை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. பக்கத்து ஆனைமுடியில் 2010-இல் அடையாளம் காணப்பட்ட ஒரு செம்மஞ்சள் நிறத் தவளையும் இந்த உயரங்களை விட்டால் வேறெங்கும் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஓர் இனம் அழிந்தால் பக்கத்திலிருந்து வந்து நிரப்ப ஆளில்லை. பவளத்தின் நிலையும் இதுதான். வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் இது நடந்தது. கடல் வெம்மையானால் பவளம் நகர முடியாது. மலை வெம்மையானால் சோலை மேலே ஏறப் பார்க்கும், ஆனால் உச்சிக்கு மேலே மலை இல்லை. ஆகவே தட்பவெப்ப மாற்றம் ஏற்கெனவே தன் பங்குக்கு அடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்குத்தான் நாம் பார்வையாளர்களாகப் போகிறோம் என்ற நினைப்பு முதலில் வேண்டும்.

ஏறிய வழிகளும் இறங்கிய சுமைகளும்

இந்த மலைக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் வந்தது மிகப் பிந்தி. முதலில் இருந்தது பிழைப்பு. மதுரைப் பக்கத்திலிருந்து போடி மலை வழியாக மேலேறிப் போன கதையை முதுவர் பழங்குடியினர் தங்கள் மரபில் சொல்கிறார்கள். பின்பு ஏலமும் தேயிலையும் வந்தன. மூணாற்றுத் தேயிலையை வெளியே கொண்டுபோகக் குண்டளைப் பள்ளத்தாக்கில் 1902-இல் காளைகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள்; 1908-இல் அது நீராவி ரயிலாயிற்று. ரயில் முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் இறங்கி, வண்டியேறி, போடிக்கு வந்தன. 1924-இன் பெருவெள்ளம் ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயர்கள் மட்டும் ரயில் இல்லாமலே நிலைத்துவிட்டன. நான்கு ஆண்டுகள் கழித்து, 1928-இல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்து சேர்ந்தது.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. இன்று மலையேற்றம் என்ற பெயரில் நாம் நடக்கும் பாதைகள் பெரும்பாலும் கூலிக்காரர்களும் சுமைக்காரர்களும் போட்டவை. குரங்கணியிலிருந்து சென்ட்ரல் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறுவது, கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுவது, எல்லாம் அப்படித்தான். இந்தப் பாதைகளில் எந்தத் திருப்பத்தில் காற்று மாறும், எந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எந்த மாதத்தில் புல் தீப்பிடிக்கும் என்பது அங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த பாடம். வரைபடத்தில் அது இல்லை.

மலைக்கு இன்று பல வாசல்கள். முந்தலில் பாதை பிரிகிறது. ஒன்று குரங்கணிக்கு, மற்றொன்று பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் ஏறி போடிமெட்டுக்கு. மெட்டைத் தாண்டினால் கேரளம்: பூப்பாறை, சூரியநெல்லி, தேவிகுளம், மூணாறு. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் விடியற்காலையில் ஏறுவதும் இந்த மெட்டில்தான். போடிமெட்டிலிருந்து மூணாறு வரை அகலப்படுத்தப்பட்ட நெடுஞ்சாலை 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட பிறகு சுற்றுலா வண்டிகளுக்கும் வழி எளிதாகிவிட்டது.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. கொழுக்குமலை தேனி மாவட்டம் கொட்டகுடி ஊராட்சியைச் சேர்ந்தது. ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய் அங்கிருந்துதான் ஜீப் பிடிக்க வேண்டும். நம் மாவட்டத்து அதிகாரியே தன் ஊராட்சியைப் பார்க்க அண்டை மாநிலம் வழியாகச் சுற்றிப் போகிறார். தீவு ஒன்று, வாசல்கள் பல, சாவிகள் இரண்டு மாநிலத்தாரிடம்.

படகுத்துறை செய்யும் மூன்று வேலைகள்

கடல் தீவுக்கு ஒரு வசதி இயற்கையாகவே அமைந்திருக்கிறது. யாரும் நடந்து உள்ளே போய்விட முடியாது. படகுத்துறை வழியாகத்தான் போக வேண்டும். அந்தத் துறையில் மூன்று வேலைகள் நடக்கின்றன. ஏறுகிற தலைகளை எண்ணுகிறார்கள். கடல் சரியில்லையென்றால் இன்று படகு இல்லை என்று மறுக்கிறார்கள். கொண்டுபோனவர்களைத் திருப்பிக் கொண்டுவருவதற்கு ஒருவர் பொறுப்பேற்கிறார். எண்ணுதல், மறுத்தல், மீட்டுவருதல் ஆகிய இந்த மூன்றும் எங்கே ஒழுங்காக நடக்கின்றனவோ அங்கே தீவும் பிழைக்கிறது, போகிறவரும் பிழைக்கிறார்.

அந்தமானில் வண்டூர் கடற்கரையை ஒட்டி 1983-இல் அமைக்கப்பட்ட மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ஜாலி பாய், ரெட் ஸ்கின் என்ற இரண்டு தீவுகளும் ஒரே நேரத்தில் பார்வையாளருக்குத் திறந்திருப்பதில்லை. பருவம் பார்த்து ஒன்று திறந்தால் மற்றது ஓய்வெடுக்கும். தூக்கியெறியும் பிளாஸ்டிக் தீவுக்குள் போகாதபடி துறையிலேயே பைகளைச் சோதிக்கிறார்கள். ஹேவ்லாக்கில் கடல்மூழ்குதல் நடத்துகிற நிறுவனங்களும் தங்கள் தொழிலுக்குள்ளேயே ஒரு துறையை வைத்திருக்கின்றன. உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். முதல் முறை இறங்குகிறவர் 12 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது. பயிற்றுநர் கூடவே இருக்க வேண்டும். அலை பெரிதானால் பணம் கட்டியவரும் கரையிலேயே இருக்க வேண்டியதுதான். பவளத்தைத் தொடாதே என்பது இறங்கும் முன்பே சொல்லப்படும் முதல் பாடம்.

மலேசியாவின் சிப்பாடான், கடல்மூழ்குகிறவர்கள் உலகமெங்கிலுமிருந்து தேடிப் போகும் சிறு தீவு. அதற்கு மலேசியாவும் இந்தோனேசியாவும் உரிமை கொண்டாடி, 2002-இல் பன்னாட்டு நீதிமன்றம் மலேசியாவுக்குத் தீர்ப்பளித்தது. கைக்கு வந்ததும் அந்நாடு செய்த பெரிய வேலை, 2004-இல் தீவிலிருந்த விடுதிகளை எல்லாம் அகற்றியது. இப்போது தங்குவது பக்கத்துத் தீவுகளில். சிப்பாடானுக்கு நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று அனுமதிச் சீட்டு. தாய்லாந்தின் மாயா விரிகுடா திரைப்படத்தால் புகழ்பெற்று, நாளுக்கு ஐயாயிரம் பேர் வரை வந்து குவிந்த இடம். 2018 ஜூனில் அதை மூடினார்கள். 2022 ஜனவரியில் திறந்தபோது நேரத்துக்கு இத்தனை பேர் என்று வரம்பு கட்டியதோடு, படகுகள் விரிகுடாவுக்குள் நுழையாமல் தீவின் பின்புறம் புதிதாகக் கட்டிய துறையில்தான் நிற்க வேண்டும் என்றார்கள். மூடியிருந்த காலத்தில் அந்த ஆழமற்ற நீருக்குக் கருமுனைச் சுறாக்கள் திரும்பி வந்தன. துறையின் இடத்தை மாற்றினாலே தீவின் விதி மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

துறை இருந்தும் தோற்ற கதைகளும் நமக்கு அருகிலேயே உண்டு. திருகோணமலை நிலாவெளிக்கு எதிரிலுள்ள புறாத்தீவு 2003-இல் தேசியப் பூங்காவானது. 2009-இல் போர் முடிந்த பிறகு பார்வையாளர் பெருகினார்கள். நுழைவுச் சீட்டு இருக்கிறது, படகு இருக்கிறது. ஆனாலும் ஆழமில்லாத இடத்தில் ஆட்கள் பவளத்தின்மேலேயே கால் ஊன்றி நிற்பது பெரிய சேதமாகிவிட்டது. கட்டணம் வாங்குவது எண்ணுவதாகிவிடாது. தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 அன்று சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது நம் மாவட்ட எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான். அங்கே துறை இருந்தது. மறுக்க வேண்டியவர்கள் மறுக்கவில்லை.

அந்தமான் நெடுஞ்சாலையின் கதை வேறு வகை. ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காடு வழியாகப் போகும் அந்தச் சாலையில் வண்டிகளை ஜிர்காடாங்கில் நிறுத்தி, நேரம் குறித்து, காவலர் துணையோடு வரிசையாகத்தான் விடுகிறார்கள். எண்ணிக்கை சரியாகவே நடந்தது. ஆனால் ஜாரவாப் பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைத்த காணொளி 2012-இல் வெளிவந்து உலகமே முகம் சுளித்தது. உள்ளே வாழ்கிறவரின் விருப்பத்தைக் கேட்காத வாசல், எத்தனை ஒழுங்காக நடந்தாலும் மானக்கேடுதான். மலைக்கும் இது பொருந்தும்.

2018: ஒரே சரிவு, இரண்டு செய்திகள்

இப்போது நம் மலைக்கு வருவோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் வந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. முதலில் ஒன்பது பேர். பின்னர் மருத்துவமனைகளில் ஒவ்வொருவராக, மொத்தம் 23 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள்; பெண்கள் பலர்.

தீ எதிர்பாராததா என்றால் இல்லை. மலையின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனையும். நம் பக்கம் மழைமறைவு. வடகிழக்கு மழை டிசம்பரோடு ஓய்ந்தால் ஜனவரியில் புல் பழுத்து, பிப்ரவரி பாதியில் சருகாகி, மார்ச்சில் ஆளுயரத்துக்கு எரிபொருளாக நிற்கும். செங்குத்துச் சரிவில் தீ கீழிருந்து மேலே ஓடும். மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஓடும். கொட்டகுடியில் மாடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த செய்தி இது. படகுத்துறைக் கணக்கில் பார்த்தால் அன்றைக்கு மூன்று வேலையும் நடக்கவில்லை. மலைமேல் எத்தனை பேர் என்று முறையான கணக்கு ஓரிடத்தில் இல்லை. அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்று வனத்துறையே பின்பு சொன்னது. தீக்காலத்தில் போகாதே என்று யாரும் தடுத்து நிறுத்தவில்லை. மீட்டுவரும் ஏற்பாடும் இருக்கவில்லை. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வருமுன் தீப்பட்டவர்களைத் தேடிப் போய்த் தூக்கி வந்தவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் மலைவாழ் மக்களும்தான்.

அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி அந்த மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது. கேரளப் பெருவெள்ளத்தால் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வரமுடியாமல் போன கூட்டத்தில் ஒரு பகுதி, மழை ஓய்ந்ததும் கொழுக்குமலைப் பக்கம் திரும்பியது. மார்ச்சில் கரியாகக் கிடந்த மலை சில மாதங்களில் கைப்பேசிப் படங்களில் நீலமாக நிறைந்தது. 2022 அக்டோபரில் சாந்தன்பாறை கள்ளிப்பாறையில் குறிஞ்சி பூத்தபோது கூட்டம் இன்னும் பெரிது. பூவைப் பறித்ததும் குப்பையைக் கொட்டியதும் செய்தியாயின. அதன் பிறகே நீலக்குறிஞ்சி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்ந்தது.

அதன்பின் வந்த விதிகள்

தீவிபத்துக்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த 2018-இலேயே தமிழ்நாடு அரசு தனி விதிகளை வெளியிட்டது. பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கி, 14 மாவட்டங்களில் 40 பாதைகள் இணையப் பதிவுக்கு வந்தன. குரங்கணியிலிருந்து சாம்பலாறு போகும் பாதையும் அவற்றில் ஒன்று. பதிவு செய்தவர்களோடு பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் போகிறார்கள். அவர்களில் பழங்குடி இளைஞர்களும் உண்டு. எண்ணுவது, மறுப்பது, மீட்டுவருவது ஆகிய மூன்றுக்கும் தமிழகப் பக்கத்தில் இப்போது ஒரு வடிவம் இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

சாலை வழியாக வருகிறவர்களை எண்ணும் முயற்சியும் நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கேரளத்தில் இரவிகுளம் தேசியப் பூங்கா இதற்கெல்லாம் முன்னோடி. ராஜமலை என்ற ஒரு மூலையில் மட்டும் பார்வையாளர், அதுவும் வனத்துறைப் பேருந்தில்; வரையாடு குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் முழு அடைப்பு. பார்வையாளர் பழகிப்போன ராஜமலையில் வரையாடு மனிதரைக் கண்டு மிரளாமல் மேய்கிறது.

பிறகு குறை எங்கே? விதிகள் மாநில எல்லையில் நின்றுவிடுகின்றன. தமிழ்நாட்டின் தீக்கால அடைப்பு ஏப்ரல் 15 வரை. இரவிகுளத்தின் அடைப்பு குட்டி ஈனும் காலத்தை ஒட்டியது. சூரியநெல்லியிலிருந்து ஏறும் ஜீப்புகளுக்கு வேறு கணக்கு. மீசைப்புலிமலைக்குக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் தனி அனுமதி. குரங்கணி வாசலில் ஐம்பது பேருக்கு இல்லையென்று சொல்லும் அதே நாளில், மலையின் மறுபக்க வாசலில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பது இந்தப் பக்கத்துக்குத் தெரியாது. சோலைக்கு, சிரிப்பானுக்கு, தீக்கு மாநில எல்லை கிடையாது. மலை தாங்கும் மொத்தச் சுமை எவ்வளவு என்பதை இரண்டு பாதிகளாக அளந்தால் விடை கிடைக்காது.

யார் கையில் துடுப்பு

எண்ணிக்கையைப் போலவே முக்கியமானது, எண்ணுகிறவர் யார் என்பது. தேக்கடியில் பெரியார் புலிகள் காப்பகத்தின் அனுபவம் இதற்குச் சிறந்த பாடம். தொண்ணூறுகளின் பிற்பாதியில் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில், காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப்பட்டை உரித்துக்கொண்டிருந்தவர்களைப் பிடித்துச் சிறையிலடைப்பதற்குப் பதிலாக வழிகாட்டிகளாக்கினார்கள். ‘பெரியார் டைகர் டிரெயில்’ என்ற காட்டு நடையை அவர்களே நடத்துகிறார்கள். காட்டின் ஒவ்வொரு மறைவிடமும் தெரிந்தவர்கள் காவலுக்கு மாறியதால் திருட்டும் குறைந்தது, குடும்பத்துக்கு நிலையான வருமானமும் வந்தது. பெண்கள் ‘வசந்த சேனை’ என்ற பெயரில் சம்பளம் வாங்காமலே காட்டில் ரோந்து போனார்கள்.

ராமநாதபுரம் கடற்கரையிலும் இந்தப் பாதையில் முயற்சிகள் உண்டு. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகு ஓட்டுவதும், பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு பழக்குவதும் வனத்துறையோடு சேர்ந்து உள்ளூர் மக்கள் செய்யும் தொழில்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்காவானபோது, அந்தத் தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்களின் வாழ்க்கை சிக்கலில் மாட்டியது. அவர்கள் போராடியதோடு நிற்கவில்லை. மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்போம், மீன் பெருகும் காலத்தில் எடுக்கமாட்டோம் என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அதே வளைகுடாவில் இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதற்கு, சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியது பெரும் காரணம். கடலை நம்பி வாழ்கிறவர் அளவு பார்த்து எடுப்பார். வெட்டி விற்க வந்தவருக்கு அந்த அளவு தெரியாது.

போடி மலையில் முதுவரும் பளியரும் தோட்டத் தொழிலாளரும் இருக்கிறார்கள். குரங்கணித் தீயில் உதவிக்கு முதலில் ஓடியவர்களும் அவர்கள்தான். வழிகாட்டி வேலையில் அவர்களைத் தினக்கூலியாக வைத்துக்கொள்வதோடு முடிந்துவிடக்கூடாது. இன்று மலை ஏறாதே என்று மறுக்கும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அப்படி மறுத்த நாளுக்கும் அவர்களுக்குக் கூலி கிடைக்க வேண்டும். மறுத்தால் வருமானம் போகும் என்ற நிலையில் யாரும் மறுக்கமாட்டார்கள். வருமானத்தில் ஒரு பங்கு அந்தந்த ஊராட்சியின் பாதைக்கும் தண்ணீருக்கும் போய்ச் சேர வேண்டும். தேர்தல் வந்தால் வாக்கு இயந்திரம் குதிரைமேல் ஏறிப் போகும் குக்கிராமங்கள் இம்மலையில் உண்டு. அவற்றின் வழியாக ஆயிரக்கணக்கில் பணம் கட்டிய பயணிகள் நடந்து போவது மட்டும் வளர்ச்சியாகிவிடாது.

எதிர்வாதங்கள்

இதற்கு மூன்று மறுப்புகள் வழக்கமாக எழும். முதலாவது, மொத்தமாக மூடிவிடலாமே என்பது. மாயா விரிகுடாவைப் போல ஒரு காலம் வரை மூடுவது பயன் தரும். என்றைக்குமாக மூடினால் காவல் கண்ணும் போய்விடும். ஆள் நடமாட்டமில்லாத பாதையில் தீ வைப்பவனையும் கண்ணி வைப்பவனையும் பார்க்க யாருமில்லை. பெரியாரில் வழிகாட்டிகளே காவலர்களானது இதைக் காட்டுகிறது.

இரண்டாவது, கட்டணம் ஏழைகளுக்குக் கதவடைக்கிறது என்பது. இது நியாயமான குறை. கலாபகோஸ் தீவுகள் 2024 ஆகஸ்டில் வெளிநாட்டினருக்கான நுழைவுக் கட்டணத்தை 100 டாலரிலிருந்து 200 டாலராக்கின. ஆனால் அந்நாட்டு மக்களுக்குக் கட்டணம் மிகக் குறைவு. தமிழ்நாட்டு மலையேற்றக் கட்டணமும் அதிகம் என்ற குரல் எழுந்தது. எண்ணிக்கையைக் குறைக்கும் கருவியாகக் கட்டணத்தை வைத்தால் பணக்காரர் மட்டும் போவார்கள். எண்ணிக்கையைச் சீட்டில் கட்டுப்படுத்தி, கட்டணத்தைத் தாழ்வாக வைத்து, உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச ஒதுக்கீடு தரலாம். போடிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை தன் ஊர் மலையில் சோலைக்கிளியைப் பார்க்காமல் வளர்வது பெரிய குறை.

மூன்றாவது, சுற்றுலா இல்லையென்றால் கடைக்காரரும் ஜீப்காரரும் என்ன செய்வார்கள் என்பது. எல்லோரும் உச்சிக்கே ஏற வேண்டியதில்லை என்பதே இதற்கு விடை. ஏலக்காய் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் இது. பச்சைக் காய் ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் உலர்ந்து, தரம் பிரிந்து, ஏலத்துக்கு வரும் வழியை ஒரு நாள் பயணமாக்கினால், மழை நாளிலும் தீக்காலத்திலும் வருகிறவர்களுக்கு வேலை இருக்கும். நிழல்மரம் நிற்கும் ஏலத்தோட்டத்தில் பறவை பார்க்கலாம். சுமை உச்சியிலிருந்து நடுமலைக்கும் ஊருக்கும் இறங்கும், வருமானம் குறையாது.

செய்ய வேண்டியது

கடல் தீவுகளின் அனுபவத்தைத் தொகுத்துப் பார்த்தால் முடிவு தெளிவு. தடையோ கட்டணமோ தனியாக எந்தத் தீவையும் காப்பாற்றவில்லை. எல்லா வாசலுக்கும் பொதுவான ஓர் எண்ணிக்கை, மறுக்கத் துணியும் உள்ளூர்க் கை, திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு ஆகிய மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் வெற்றி கிடைத்திருக்கிறது. போடி மலையில் இரண்டாவதும் மூன்றாவதும் அரைகுறையாக வந்துவிட்டன. முதலாவது இன்னும் வரவில்லை.

வர முடியாது என்பதற்கில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளமும் ஒரே நாட்களில் சேர்ந்து வரையாட்டைக் கணக்கெடுத்தன. தமிழ்நாட்டில் 1,303, கேரளத்தில் 1,365, மொத்தம் 2,668. ஆடு எல்லை தாண்டும் என்பதால் தனித்தனியாக எண்ணினால் கணக்குப் பிசகும் என்று இரு மாநிலமும் ஒப்புக்கொண்டன. மலையேறும் மனிதரும் எல்லை தாண்டுகிறவர்தான். குரங்கணி, சூரியநெல்லி, டாப் ஸ்டேஷன் ஆகிய வாசல்களுக்கு ஒரே அனுமதிச் சீட்டு, ஒரே நாள் வரம்பு, ஒரே தீக்கால அடைப்பு என்று இரு மாநில வனத்துறைகளும் உடன்பட்டால் போதும். புதிய சட்டம்கூட வேண்டியிராது.

இதற்குக் கெடு ஒன்றும் இருக்கிறது. இங்கே 2006, 2018 என்று பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். 2018-ஐவிட இன்று சாலை அகலம். ரயில் ஊருக்குள் வந்துவிட்டது. ஒரு படம் ஒரு மணி நேரத்தில் லட்சம் பேரை அடைகிறது. அந்தக் கூட்டம் வந்த பிறகு விதி எழுதப் பயனில்லை. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் இப்போதே உட்கார்ந்து பேச வேண்டும். அதுவரை போகிறவர்கள் நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையில் போங்கள். பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வழிகாட்டி இன்று வேண்டாம் என்று சொன்னால் விவாதிக்காமல் திரும்பிவிடுங்கள்.